சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று குடம்

காலை ஆறே கால் மணிக்கு ஹீன்தொல தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் நூற்றுப் பன்னிரண்டு குடங்கள் வரிசையாக நின்றன. நூற்றுப் பதின்மூன்றாவதாகத் தன் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் பெயர் விஜயகலா.

குடங்களுக்குப் பக்கத்தில் அவற்றின் சொந்தக்காரர்கள் நோயாளிகளாக நின்றார்கள். ஒருவர் கம்பளி போர்த்தியிருந்தார். இன்னொருவர் மெதுவாக இருமிப் பார்த்துக்கொண்டிருந்தார், முறை வரும்போது தொண்டை கைவிட்டுவிடக் கூடாது என்று. ஹீன்தொலவில் தண்ணீருக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு வருத்தம் வேண்டும், அதாவது ஏதாவது ஒரு நோய். இந்த ஏற்பாடு மார்ச் மாதத்திலிருந்து அமுலில் இருந்தது. இதில் ஏதும் பிழை இருப்பதாக எந்த அலுவலகமும் அதுவரை அறிவித்திருக்கவில்லை.

காரணம் ஜனவரியில் தொடங்கியது.

கொடகவெலயிலிருந்து மேலே ஏறும் பாதையிலுள்ள இந்தத் தோட்டத்தில், காய்ச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை கொடுத்தால் சனம் இரண்டு நாள்தான் போடும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடும். மிச்சத்தை எறிவதில்லை, கிடைத்ததை எறிந்து பழக்கமில்லை. பால்மா டின்னில் போட்டு மூடி வைப்பார்கள். அடுத்த காய்ச்சலுக்கு ஆகும், பக்கத்துக் காம்பிராவில் குடியிருப்பவருக்கு ஆகும், ஒருவருக்கும் ஆகாவிட்டால் தூங்கி விழுகிற சேவலுக்கு ஆகும். பெயர் தெரிய வேண்டியதில்லை. சிவப்பும் மஞ்சளும் என்றால் உடம்புக்கு. சிவப்பும் கறுப்பும் என்றால் பல்லுக்கு.

இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்த மருந்துப் பாவனை மற்றும் நீர்வழி நலன் ஒருங்கிணைப்புப் பிராந்திய அலுவலகம், 'மீதி மாத்திரை அற்ற மனை' வாரம் ஒன்றைப் பிரகடனம் செய்தது. காம்பிராக்கள் வரிசையாக ஒட்டிய லயங்களில் எந்த லயத்தில் தேடியும் ஒரு மாத்திரைகூட அகப்படவில்லையோ, அந்த லயத்துக்கு ஒரு கேரம் பலகை பரிசு.

மாத்திரையை எங்கே போடுவது என்று சுற்றுநிருபம் சொல்லவில்லை. எரிக்க முடியாது: தோட்டத்துக்குப் பசுமைச் சான்றிதழ் கிடைத்திருந்தது, அதன்படி நெருப்புக்குத் தடை. புதைக்க முடியாது: அதே சான்றிதழின்படி மண்ணுக்கு உயிர் உண்டு. குப்பைக்கு மூன்று கூடைகள் இருந்தன. சாப்பாட்டுக் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள். மாத்திரைக்கு நிறம் ஒதுக்கப்படவில்லை. ஓடையைப் பற்றிச் சான்றிதழில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: கரையோரம் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது. இதுவோ மனுஷ மருந்து. தெளிக்கவும் போவதில்லை, கொட்டத்தான் போகிறார்கள். பொங்கலுக்கு முதல் நாள், பழையதைக் கழிக்கிற நாளில், ஏழு லயத்துச் சனமும் டின்களைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கியது.

டிஸ்பென்சரியும் சோதிக்கப்படும் என்று பேச்சு அடிபட்டதால், அங்கே காலாவதியாகிக் கிடந்த பெட்டிகளும் அதே வழியாகப் போயின. ஏழு லயங்களும் சமமாக வென்றன. கேரம் பலகை ஒன்றே ஒன்று இருந்தபடியால், நடுநிலை பேணும் பொருட்டு அது தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் பங்களாவில் வைக்கப்பட்டது.

பெப்ரவரியில் அதே அலுவலகம் அதே ஓடையில் தண்ணீர் மாதிரி எடுத்தது. தண்ணீரில் அன்டிபயோட்டிக் இருந்தது.

தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பிராவில் கூட்டம் போட்டார்கள். பிராந்திய இணைப்பு உத்தியோகத்தர் தெனகம மாத்தயா வந்தார். நல்ல மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். அவருடைய தமிழ் முழுவதும் அரசாங்கச் சுற்றுநிருபங்களைப் படித்துக் கற்றது. ஆகவே பிழையே இருக்காது.

“அன்டிபயோட்டிக் என்பது வைத்தியச் சீட்டு இன்றி வழங்கப்படலாகாத மருந்தாகும்,” என்றார். “மேற்படி ஓடையானது கடந்த சில வாரங்களாக, எவ்விதச் சீட்டுமின்றி, சகலருக்கும் அதனை வழங்கி வந்துள்ளது.”

“ஓடைய புடிச்சு உள்ள போடுங்க மாத்தயா,” என்றாள் மருதாயி. கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள். விஜயகலாவின் பக்கத்துக் காம்பிரா.

“இயலாது. ஓடைக்கு அடையாள அட்டை இல்லை. ஆகவே பாவனையாளர்கள் ஒழுங்குபடுத்தப்படுவர்.”

“அப்ப நாங்க தண்ணி குடிக்கக் கூடாதுங்களா?” என்று கேட்டாள் விஜயகலா.

“தாராளமாகக் குடிக்கலாம். நோய் இருத்தல் வேண்டும்.”

“கொடகவெலயிலருந்து பவுசர் லொறியில தண்ணி அனுப்புனா என்னாங்க?”

“பவுசர் இதே ஓடையில்தான், கீழ்ப்பகுதியில், நிரப்பப்படுகிறது.”

“அங்க மருந்து இல்லீங்களா?”

“அங்கே மாதிரி எடுக்கப்படவில்லை. ஆகவே இல்லை.” சற்று யோசித்து, “ஆனால் பவுசருக்கு இவ்வளவு உயரம் ஏற அனுமதி கிடையாது,” என்றும் சொன்னார்.

“மழைத் தண்ணிய புடிச்சு வைக்கலாமே?”

“ஹரி, சரிதான். ஆனால் தேங்கிய நீர் டெங்கு தடுப்பின் கீழ் வழக்குக்குரியதாகும்.”

மறுவாரம் ஓடைக்கரையில் மூன்று மொழிகளில் பலகை நட்டார்கள். மருந்துப் பெட்டிகளில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ அதெல்லாம் அதில் இருந்தது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். பாவிக்க முன் நன்றாகக் குலுக்கவும். ஈரமற்ற, உலர்ந்த இடத்தில் பேணவும். ஓடையிலிருந்து லயங்களுக்குப் போகும் பைப்புக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை டிஸ்பென்சரியில் கொடுத்தார்கள்.

திறப்பு போய்ச் சேர்ந்தது முக்தாரிடம். கொடகவெலக்காரர், பதினாறு வருஷமாக இந்தத் தோட்டத்துக்கு மருந்து கொடுப்பவர். சனத்தின் காது, மூக்கு, வயிறு எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

“என்ன வருத்தம்?” என்று கேட்டார், அந்தக் காலை விஜயகலாவின் முறை வந்தபோது.

“தாகமுங்க ஐயா.”

“தாகம் வருத்தத்தில சேராது. வேற?”

“சோறாக்கணும்.”

“அதுவும் சேராது.”

பின்னாலிருந்து மருதாயி கத்தினாள். “காய்ச்சல்னு சொல்லித் தொலையேன்டி! முந்தாநாள் நான் வயித்துப்போக்கு, நேத்து காய்ச்சல். இன்னைக்குத்தான் என்னா சொல்றதுன்னு தெரியாம நிக்கிறேன்.”

“நீங்க நிக்கவே வேணாம் மருதாயி அக்கா. உங்கட அஞ்சு நாள் கோர்ஸ் நேத்தோட முடிஞ்சி. இனி ரெண்டு கிழமை, பதினாலு நாளைக்கு உங்களுக்குத் தண்ணி குடுக்க ஏலாது.”

“அதுக்குள்ள நான் செத்துப்போயிட்டா?”

“அதுக்கு வேற சீட்டு.”

வரிசை சிரித்தது. கம்பளி போர்த்தியவரும் சிரித்துவிட்டு, நினைவு வந்தவராக நடுங்கினார்.

“காய்ச்சலுங்க ஐயா,” என்றாள் விஜயகலா. முக்தார் எழுதினார்: காலை ஒரு குடம், பகல் ஒரு குடம், இரவு ஒரு குடம். சாப்பாட்டுக்குப் பிறகு.

“சாப்பாட்ட ஆக்கவே தண்ணி வேணுங்களே.”

“வெறும் வயித்தில குடுத்தா புரட்டும் தங்கச்சி. எனக்கு மேல இருக்கிறவனும் கேள்வி கேப்பான். நேத்துத் தண்ணியில இன்னைக்குச் சோறாக்கு, இன்னைக்குத் தண்ணிய சாப்பிட்டுப்போட்டு எடு.”

“மொத நாள் என்னா செய்றது?”

“மொத நாள் பட்டினி,” என்றார் முக்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவருடைய பேனாவுக்கு முகம் கிடையாது.

இப்படியே போனால் தண்ணீருக்கு மட்டும்தான் தட்டுப்பாடு வரும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். மாதக் கடைசியில் சீட்டுகளின் எண்ணிக்கை மேலே போனது. ஹீன்தொலவில் பச்சைக் குழந்தை முதல் கங்காணி வரை நூற்றுக்கு நூறு பேருக்கும் காய்ச்சல் என்று பிராந்திய அலுவலகத்துக்குத் தெரிந்தது. அலுவலகம் பதறிப்போனது. அவசர நடவடிக்கையாக இரண்டு ஜீப்பில் அன்டிபயோட்டிக் பெட்டிகள் வந்தன. தண்ணீர்ச் சீட்டோடு மாத்திரையும் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் காய்ச்சல் பொய் என்று ஆகிவிடும். சனம் வாங்கியது. ஆசைக்கு இரண்டு நாள் போட்டது. மிச்சத்தை டின்னில் வைக்க இப்போது பயம். 'மீதி மாத்திரை அற்ற மனை' நிரந்தரத் திட்டமாகியிருந்தது. ஆகவே மிச்சம் ஓடைக்குப் போனது. அடுத்த மாதிரியில் மருந்தின் அளவு மூன்று மடங்காக இருந்தபோது, கட்டுப்பாடு எவ்வளவு அவசியம் என்பது நிரூபணமாகிவிட்டது என்று அலுவலகம் அறிக்கை விட்டது.

இதற்கிடையில்தான் விஜயகலாவின் மகள் சதுர்ஷிகா பெரியபிள்ளையானாள்.

காம்பிராவின் மூலையில் சேலையைக் கட்டி மறைத்து அவளை உட்கார வைத்தார்கள். தாய்மாமன் தலையில் தண்ணீர் ஊற்றி, சடங்கு முடித்தால்தான் வெளியே வரலாம். சதுர்ஷிகாவுக்கு வெளியே வர அவசரம் இருந்தது. பாடசாலை வலைப்பந்து அணிக்கு அவள்தான் கப்டன். மே இருபத்தோராம் திகதி கேகாலையில் மாகாணப் போட்டி. தோட்டத்துப் பாடசாலை ஒன்று அவ்வளவு தூரம் போவது இதுதான் முதல் தடவை.

“மூணு குடம் தண்ணிக்காக நான் கெழவியாகுற வரைக்கும் இதுக்குள்ளயே குந்தியிருக்கவா?” என்று சேலைக்குப் பின்னாலிருந்து கேட்டாள். கேட்டுக்கொண்டே பந்தைச் சுவரில் அடித்தாள். மறுபக்கத்தில் மருதாயியின் தட்டுமுட்டுச் சாமான்கள் விழுந்தன.

“அடியே கப்டன், எஞ்செவுத்தையும் சேத்து வெளையாடாத!”

விஜயகலா டிஸ்பென்சரிக்குப் போனாள். முக்தார் பிள்ளையின் பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“இந்தப் புள்ளைக்குப் பெனிசிலின் ஒத்துக்காதே. அஞ்சு வயசில உடம்பெல்லாம் தடிச்சி, நான்தானே ரத்னபுரிக்கு அனுப்பின? இவளுக்கு இந்தத் தண்ணி எழுத ஏலாது.”

“குடிக்கவா போறா? தலையில ஊத்தத்தானுங்களே.”

“அப்ப அது வெளிப்பாவனை. குடிக்கத்தான் எனக்கு அதிகாரம். வெளிப்பாவனைக்கு மேல இருந்து அனுமதி வரணும்.”

“ஐயா, எம்புள்ள ஒரு மாசமா மூலையில இருக்கா.”

“எனக்கு விளங்குது தங்கச்சி.”

“வெளங்குனா தொறந்து விடுங்களேன்.”

“விளங்கிறதுக்கும் திறக்கிறதுக்கும் நடுவில தெனகம மாத்தயா இருக்கார்,” என்றார் முக்தார்.

வரக்காப்பொலயில் துணிக்கடையில் வேலை செய்யும் அண்ணன் ஐயாவு, சீர் சாமான்களோடு வந்து இறங்கினான். தலைமுடிக்கு நிறம், கையில் பெரிய போன். பையிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து மரியாதையாக மேசையில் வைத்தான்.

“இத ஊத்திருவோம் தங்கச்சி. கொழும்பு ஆளுக எல்லாம் இப்ப இதத்தான் மொகத்துக்குப் பூசுறாங்க.”

போத்தலில் மலையும் ஒரு பெண்ணின் பளபளப்பான கன்னமும் அச்சடித்திருந்தன. 'ஹீன்தொல ஊற்று. காட்டின் இயற்கை அன்டிபயோட்டிக். சருமத்துக்கு.'

“இது நம்ம ஓடை தண்ணிண்ணே.”

“அப்படியா? அதான் நல்லா வேலை செய்யுது!”

“இதுக்கு எவன் சீட்டு குடுத்தான்?”

“இது அழகு சாமான். அதுக்குச் சீட்டு வேணாம்,” என்றான் ஐயாவு. விசாரித்ததில் அது உண்மையாகவும் இருந்தது. கீழே ஓடை வளைகிற இடத்தில் ஒரு விடுதிக்காரர் மூங்கில் குடில் போட்டு, வெளியூர் ஆட்களை முகத்தில் களிமண்ணோடு தண்ணீரில் உட்கார வைத்திருந்தார். கண்களுக்கு மேல் வெள்ளரித் துண்டு இருந்ததால், அவர்களுக்கு அறிவிப்புப் பலகை தெரியவில்லை.

ஆனால் சடங்குக்குப் போத்தல் போதாது, குடம் வேண்டும். ஐயாவு இன்னொரு யோசனை சொன்னான்.

“பேயா மழை பேயுது. புள்ளைய முத்தத்துல நிப்பாட்டுனா முடிஞ்சிச்சு.”

“மாமன் ஊத்துற தண்ணிய மழை ஊத்துனா, சீரும் மழையே செய்யட்டும். நீ பொட்டிய கட்டிக்கிட்டு கெளம்பு,” என்றாள் விஜயகலா.

கடைசியில் தெனகம மாத்தயாவிடமே போய் நின்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். வெளிப்பாவனைக்கு அனுமதி வழங்குவதானால் பாவனை இடத்தை நேரில் பரிசோதிக்க வேண்டும் என்றார். அடுத்த நாளே வந்தார். அப்படி வந்தவரை அதுவரை எந்தத் தோட்டமும் பார்த்ததில்லை. குளிக்கும் துறையில் இறங்கி, பாசி படிந்த கல்லில் காலை வைத்து, அறிவிப்புப் பலகை நேராக நிற்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தார். அவர் நேராக நிற்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. முக்தார் கழுவி, கட்டி, மாத்திரை கொடுத்தார். தண்ணீரில் விழுந்தது சீட்டில்லாத பாவனையாகாதா என்று மருதாயி கேட்டதற்கு, அது விபத்து என்று தெனகம மாத்தயா பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார்.

பிறகு அவர் வரவில்லை. அனுமதியும் வரவில்லை. காயம் புழுத்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தகவல் வந்தது. அவருடைய கையொப்பத்தை வேறு யாரும் போட முடியாது. சேலைக்குப் பின்னால் பந்தடிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. அதுதான் விஜயகலாவைப் பயமுறுத்தியது. ஒரு நாள் எட்டிப் பார்த்தாள். சதுர்ஷிகா சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள்.

“இருபத்தோராம் தேதி நான் போவேன்மா. தண்ணி ஊத்துனாலும் சரி, ஊத்தாட்டியும் சரி.”

“ஊத்தாம போனா சொந்தக்காரங்க என்னா சொல்லுவாங்க?”

“அவங்களுக்கும் ஒரு சீட்டு எழுதச் சொல்லு.”

மே பதினாறாம் திகதி ஜீப் வந்தது. தெனகம மாத்தயா கைத்தடியோடு இறங்கினார். நாலு கிழமையில் பாதி ஆளாகியிருந்தார். பிள்ளைக் காம்பிராவில் மறுபடியும் கூட்டம்.

“என் காயத்திலிருந்த கிருமி மூன்று மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை,” என்றார். “நான்காவதற்கே, மிகுந்த தயக்கத்துடன், கட்டுப்பட்டது. மேற்படி கிருமி மேற்படி ஓடையைச் சேர்ந்தது என ஆய்வுகூடம் உறுதி செய்துள்ளது.”

அதில் வியப்பில்லை. ஹீன்தொலவில் எல்லோரும் இரண்டு நாளோடு நிறுத்திய கோர்ஸை, ஓடைக் கல்லிடுக்கில் இருந்த கிருமிகள் மட்டும்தான் ஜனவரியிலிருந்து ஒரு வேளையும் தவறாமல் எடுத்து வந்திருந்தன.

“ஆகவே அலுவலகம் கவனமாக ஆராய்ந்தது,” என்று தொடர்ந்தார். “கிருமியைக் கொல்லும் பொருளே அன்டிபயோட்டிக் எனப்படும். ஓடையிலுள்ள மருந்து ஓடையிலுள்ள கிருமியைக் கொல்லவில்லை. ஆகவே அது அன்டிபயோட்டிக் அல்ல. அன்டிபயோட்டிக் அல்லாத பொருளுக்குச் சீட்டு அவசியமில்லை. இன்று பிற்பகல் முதல் மேற்படி ஓடை மீண்டும் தண்ணீராகும்.”

பிள்ளைக் காம்பிராவின் தகரம் அதிரக் கைதட்டினார்கள்.

“அந்தக் கிருமி இப்ப எங்கங்க இருக்கு?” என்று கேட்டாள் விஜயகலா.

“அது எமது விடயப்பரப்பில் அடங்காது. நாம் மருந்துக்கு மட்டுமே பொறுப்பு. கிருமி வேறு அலுவலகம்.”

கேள்வி கேட்டாயிற்று, பதிலும் கிடைத்தாயிற்று. மறுநாள் சனிக்கிழமை, பத்தரைக்கு நல்ல நேரம். விஜயகலாவும் கைதட்டினாள்.

வெளியே முக்தார் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். “தங்கச்சி, நாளைக்கு அந்தத் தண்ணிய கொதிக்க வெச்சி ஆற வெச்சி ஊத்து. ஓடையில இறங்கவும் விடாத.”

“அம்புட்டுத் தண்ணியும் ஆறுற வரைக்கும் நல்ல நேரம் நிக்காதுங்க ஐயா. நீங்களும் குடும்பத்தோட வந்துருங்க.”

ஐயாவு ஊற்றினான். மஞ்சள் கரைத்த தண்ணீர் நிறைந்த குடங்கள், ஒன்றல்ல, ஒன்பது. இத்தனை நாள் அளந்து வாங்கிய தண்ணீர் என்பதால் ஆளாளுக்கு ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள். தண்ணீர் முற்றத்தில் ஓடியது. சதுர்ஷிகாவின் உடம்பு தடிக்கவில்லை. மருதாயி குலவை போட்டாள். தெனகம மாத்தயா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார்.

கேகாலையில் ஹீன்தொல பாடசாலை இரண்டாமிடம் எடுத்தது. கடைசி நிமிஷத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்து கப்டன் தரையில் சறுக்கினாள். முழங்காலில் சிராய்ப்பு, கையில் கேடயம். தோட்டத்துச் சந்தியில் பஸ் நின்றதும் பிள்ளைகள் ஆர்ப்பரித்துக்கொண்டு ஓடையில் இறங்கி, கால் கழுவி, கேடயத்தையும் கழுவி, மேலே ஏறினார்கள். வழியில் இரண்டு லயம் அவர்களை நிறுத்தி ஆலாத்தி எடுத்தது.

ஒரு கிழமையில் முழங்கால் வீங்கியது. முக்தார் பெனிசிலினை ஒதுக்கிவிட்டு, இருந்ததில் நல்லதைக் கொடுத்தார். விஜயகலா வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்து, ஐந்து நாளும், ஒரு வேளை தவறாமல், ஒரு மாத்திரை மிச்சமில்லாமல் கொடுத்து முடித்தாள். வீக்கம் வற்றவில்லை. இரத்தினபுரிக்கு அனுப்பினார்கள்.

2025 ஜூன் ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை, சதுர்ஷிகாவுக்கு மூன்றாவது மருந்து ஆரம்பிக்கப்பட்டது.